கிளாங்கில் கெர்னல் பில்ட்: நான்கு பலகைக்கு ஓர் அட்டவணை எழுதிய அனுபவம்

போன மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து தம்பி போனில் கேட்டான்: "அண்ணா, நாலு பலகைக்கும் நாலு கம்பைலர் போடணுமா, இல்ல கிளாங் ஒண்ணே போதுமா?" பலகை என்றால் ஒரே பலகையில் அடங்கிய சிறு கணினி; கம்பைலர் என்றால் நாம் எழுதும் நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள். கிளாங் அதில் ஒன்று, ஜிசிசி இன்னொன்று. கிளாங் ஒன்றே போதும் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்னது தப்பில்லை. ஆனால் அதை நம்பி அவன் வேலையைத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு அரைகுறை என்று தெரிந்தது. அதைச் சரியான குறிப்பாக எழுதி முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று.

அவன் என் சித்தப்பா பையன். நாகலூரில் அவர்களுக்குக் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. பழத்தைப் பறித்துத் தோலுரித்துக் கழுவி, களத்தில் காயப்போடும் நாட்களில் மழை வந்தால் உழைப்பு வீண். அதற்காகத் தோட்டத்தில் மூன்று இடங்களில் மழைமானி வைத்தோம். கையில் கிடைத்த பலகைகளையே பொருத்தினோம்: ஒரு ராஸ்பெரி பை 4, ஒரு பழைய பீகிள்போன் பிளாக், ஒரு விஷன்ஃபைவ் 2. எல்லாவற்றிலிருந்தும் தகவலை வாங்கி வைக்க வீட்டில் ஒரு இன்டெல் மினி பிசி. செயலிக் குடும்பம் பார்த்தால் முதலாவது 64 பிட் ஆர்ம், இரண்டாவது 32 பிட் ஆர்ம், மூன்றாவது ரிஸ்க்-ஃபைவ், நான்காவது எக்ஸ்86. நான்கிலும் ஒரே லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.12, அதற்குள் நாங்கள் எழுதிய சின்ன மழைமானி டிரைவர் (கருவியோடு பேசும் நிரல்). அதுதான் திட்டம்.

ஜிசிசியில் இதைச் செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் ஜிசிசியை ஒரு முறை கட்டினால் அது ஒரே செயலிக் குடும்பத்துக்குத்தான் நிரல் தரும். எக்ஸ்86 மடிக்கணினியில் உட்கார்ந்து மற்ற மூன்றுக்கும் பில்ட் செய்ய, அதாவது மூலநிரலிலிருந்து கெர்னலைக் கட்ட, தனித்தனியாக மூன்று கிராஸ் கம்பைலர் (வேறு செயலிக்கு நிரல் தருபவை) வேண்டும், அதற்கேற்ற பின்யுட்டில்ஸ் (லிங்கர் முதலிய துணைக் கருவிகள்) வேண்டும். கிளாங் அப்படியில்லை. வழக்கமாக நிறுவப்படும் ஒரே கிளாங்குக்குள் எல்லாச் செயலிக்குமான பின்பகுதிகளும் இருக்கின்றன. எந்தச் செயலி என்று சொன்னால் போதும்.

"அப்படின்னா எல்லாரும் ஏன் முதல்லயே இதுக்கு வரல?" என்று தம்பி கேட்டான். கெர்னல் பல்லாண்டுகளாக ஜிசிசியோடு ஒட்டியே வளர்ந்தது, அதுதான் காரணம். ஜிசிசி மட்டுமே தரும் சில சி மொழி நீட்டிப்புகளைக் கெர்னல்காரர்கள் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார்கள். அவற்றில் சிலவற்றைக் கெர்னலிலிருந்தே களைந்தார்கள். நீளம் மாறும் அணிகளை 2018இல் 4.20 பதிப்போடு ஒழித்தது அந்த வகை. வேறு சிலவற்றைக் கிளாங் கற்றுக்கொண்டது. அசெம்பிளிக்குள்ளிருந்து சி லேபிளுக்குத் தாவும் வசதி 2019இல் கிளாங் 9இல் வந்தது; அது வரும்வரை எக்ஸ்86 கெர்னலைக் கிளாங்கில் அப்படியே கட்ட வழியில்லை. ஆர்ம்64 முந்திக்கொண்டது: 2017இல் வந்த கூகுள் பிக்சல் 2 போனின் கெர்னல் கிளாங்கில் கட்டியதுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன். கன்னங்குறிச்சி வீட்டில் என் மடிக்கணினியில் உபுண்டு 24.04, அதோடு வரும் கிளாங் 18.1.3. பில்டை ஓட்டும் மேக் கட்டளையில் எல்எல்விஎம் (கிளாங்கின் தாய்த் திட்டத்தின் பெயர்) என்ற மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்தால் கம்பைலர் மட்டும் மாறுவதில்லை. கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் எல்எல்டி ஆகிறது. நூலகம் கட்டும் ஏஆர், சின்னங்களைப் பார்க்கும் என்எம், ஆப்ஜ்காப்பி, ஸ்ட்ரிப், ரீட்எல்ஃப் எல்லாமே எல்எல்விஎம் குடும்பத்துக்கு மாறுகின்றன. பில்டுக்கு உதவும் சிறு நிரல்களும் கிளாங்கிலேயே கம்பைல் ஆகின்றன. 2021இல் வந்த 5.15 பதிப்பிலிருந்து அசெம்பிளரும் கிளாங்குக்குள் இருப்பதுதான். அதனால் கிராஸ் கம்பைல் முன்னொட்டே தேவையில்லை. ஆர்க் என்ற மாறியில் எந்தச் செயலி என்று சொன்னால் போதும். சிசி என்ற மாறியில் கிளாங் என்று மட்டும் கொடுப்பது வேறு: கம்பைலர் கிளாங், லிங்கரும் மற்றவையும் பழைய க்னூ கருவிகள். குறிப்பு எழுதும்போது இந்த இரண்டையும் சேர்த்துக் "கிளாங் வேலை செய்கிறது" என்று எழுதக் கூடாது. நான் முதலில் அப்படித்தான் எழுதினேன்.

அட்டவணையின் முதல் வரி எக்ஸ்86. டெஃப்கான்ஃபிக் (எந்தெந்த வசதிகள் வேண்டும் என்ற கான்ஃபிக் கோப்பின் இயல்பு வடிவம்) எடுக்கும்போது எல்எல்விஎம் 1 என்று கொடுத்தேன். அடுத்து பில்ட் கட்டளையில் அதைக் கொடுக்க மறந்துவிட்டேன். திரையில் கான்ஃபிக் கேள்விகள் வரிசையாக வந்தன. புதிய பதிப்பு, ஏதோ புதிய வசதிகளைக் கேட்கிறது என்று எண்ணி என்டர் தட்டிக்கொண்டே போனேன். முக்கால் மணி நேரத்தில் பில்ட் முடிந்தது, கணினியை மென்பொருளில் பாவனை செய்யும் க்யூஎமுவில் அழகாக பூட் ஆனது. அட்டவணையில் "எக்ஸ்86, கிளாங் 18, சரி" என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து வேறு எதற்கோ பூட் பதிவின் முதல் வரியைப் பார்த்தேன். அந்த வரியில் கெர்னல் எந்தக் கம்பைலரால் கட்டப்பட்டது என்று இருக்கும். அதில் ஜிசிசி என்று இருந்தது.

நடந்தது இதுதான். கான்ஃபிக் கோப்புக்குள் கம்பைலரின் பெயரும் பதிப்பும் பதிவாகின்றன. பில்ட் தொடங்கும்போது வேறு கம்பைலர் வந்து நின்றால், கான்ஃபிக் கட்டம் மறுபடி ஓடி, ஜிசிசிக்கு மட்டுமே உரிய வசதிகளைப் பற்றிப் புதிதாகக் கேட்கிறது. நான் தட்டிய ஒவ்வொரு என்டரும் "ஜிசிசியிலேயே கட்டு" என்று சொன்னதற்குச் சமம். ஆர்ம்64இல் இதே மறதி நேர்ந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். எக்ஸ்86 ஜிசிசிக்கு ஆர்முக்கான ஆப்ஷன்கள் தெரியாது என்று முதல் நிமிடத்திலேயே நின்றிருக்கும். சொந்தச் செயலிக்கே கட்டும்போதுதான் இந்தத் தவறு சத்தமில்லாமல் கடந்துபோகிறது. அன்றிலிருந்து டெர்மினல் திறந்ததும் எல்எல்விஎம் மாறியை எக்ஸ்போர்ட் செய்துவிட்டுத்தான் மற்ற வேலை. பில்ட் முடிந்ததும், கட்டி வந்த கெர்னலான விஎம்லினக்ஸ் கோப்பின் காமென்ட் பகுதியை ரீட்எல்ஃபில் படித்து, கம்பைலர் பெயரை அங்கிருந்தே அட்டவணைக்கு எடுத்தெழுதுகிறேன். நினைவிலிருந்து எழுதுவதில்லை.

நான்கு செயலிக்கும் ஒரே மூலநிரல் அடைவு என்பதால், விளைவுகளை அடைவுக்கு வெளியே நான்கு தனி இடங்களுக்கு அனுப்ப வேண்டும். அதற்கு மேக்கில் ஓ என்ற மாறி இருக்கிறது. ஒரு முறை மறந்துபோய் மூலநிரல் அடைவுக்குள்ளேயே பில்ட் செய்துவிட்டால், அடுத்த முறை வெளியே கட்டும்போது "மூலநிரல் சுத்தமாக இல்லை, எம்ஆர்ப்ராப்பர் ஓட்டு" என்று நின்றுவிடும். அதை ஓட்டினால் உள்ளே இருந்த கான்ஃபிக்கும் போய்விடும்; முன்பே நகல் எடுத்துவைப்பது நல்லது.

ஆர்ம்64 ஒரே மூச்சில் முடிந்தது. க்யூஎமுவில் பூட் செய்தபோது மட்டும் திரை இருண்டு கிடந்தது. கெர்னலில் குறையில்லை, கன்சோல் பெயரைத்தான் எக்ஸ்86 பழக்கத்தில் கொடுத்திருந்தேன். க்யூஎமுவின் ஆர்ம்64 விர்ட் எந்திரத்தில் சீரியல் போர்ட்டின் பெயர் டிடிஒய்ஏஎம்ஏ0. எக்ஸ்86இலும் ரிஸ்க்-ஃபைவ் விர்ட் எந்திரத்திலும் டிடிஒய்எஸ்0. பெயரை மாற்றியதும் பதிவு கொட்டியது, கடைசியில் ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்று பேனிக் ஆனது, அதாவது கெர்னல் நின்றுபோனது. இந்தப் பேனிக்கைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று தம்பிக்குத் தனியாக எழுதிவைத்தேன். வட்டு எதையும் கொடுக்காமல் பூட் செய்தால் கெர்னல் போய் நிற்கக்கூடிய கடைசி இடம் அது. நினைவகம், இன்டரப்ட், டைமர், டிரைவர்கள் எல்லாவற்றையும் கடந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பை வைத்து ஒரு சின்ன இனிட்ராம்எஃப்எஸ் (நினைவகத்திலேயே இருக்கும் ஃபைல்சிஸ்டம்) செய்து கொடுத்ததும் ஷெல் வந்தது.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது 32 பிட் பீகிள்போன். எங்கள் மழைமானியில் ஒரு சின்ன வாளி இருக்கிறது. குறிப்பிட்ட அளவு நீர் சேர்ந்ததும் அது கவிழும், ஒரு காந்தச் சுவிட்ச் துடிப்பு அனுப்பும். டிரைவர் துடிப்புகளை எண்ணி, கழிந்த நேரத்தை எண்ணிக்கையால் வகுத்து, ஒரு கவிழ்வுக்குச் சராசரி எவ்வளவு நேரம் என்று சொல்கிறது. நேரம் நானோவினாடியில், 64 பிட் எண். எக்ஸ்86, ஆர்ம்64 இரண்டிலும் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் கம்பைல் ஆன அதே டிரைவர், 32 பிட் ஆர்மில் கடைசிக் கட்டத்தில், மாட்போஸ்ட் என்ற கருவி சரிபார்க்கும் இடத்தில் விழுந்தது. "ஏஇஏபிஐ யுஎல்டிவ்மாட்" என்ற சின்னம் (ஃபங்ஷன் பெயர்) எங்கும் இல்லை என்றது.

நான் எழுதாத ஒரு ஃபங்ஷனை ஏன் தேடுகிறது? 32 பிட் ஆர்ம் செயலியில் 64 பிட் எண்ணை வகுக்கும் கட்டளை கிடையாது. சாதாரண நிரலாக இருந்தால் கம்பைலர் தன் துணை நூலகத்திலுள்ள ஒரு ஃபங்ஷனை அழைத்துவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. கெர்னல் அந்தத் துணை நூலகத்தை இங்கே வேண்டுமென்றே இணைப்பதில்லை. 64 பிட் வகுத்தல் மெதுவானது. யாரும் தெரியாமல் அதைச் செய்துவிடக் கூடாது என்பதற்காக, டிவ் யு64 என்ற பெயரில் கேட்டு வாங்கச் சொல்கிறது. ஒரு வரியை மாற்றினேன், சரியாகிவிட்டது. ஜிசிசியிலும் கட்டிப் பார்த்தேன், பழைய வரிக்கு அங்கும் இதே பிழை. ஆகவே இது கம்பைலரின் குறை என்று அட்டவணையில் போகக் கூடாது. எங்கள் டிரைவரின் குறை. பிழை வந்ததும் கிளாங்கைச் சந்தேகிக்காமல் இரண்டு கம்பைலரிலும் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்ற வழக்கத்தை அந்த ராத்திரிதான் வைத்துக்கொண்டேன்.

கெர்னலோடு வரும் ஆவணங்களில் இதற்கென்றே ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு செயலிக்கும் எதிரே ஆங்கிலத்தில் "சப்போர்ட்டட்" அல்லது "மெயின்டெயின்ட்" என்று ஒரு சொல், பிறகு எந்த மாறியைக் கொடுக்க வேண்டும் என்று. எக்ஸ்86, ஆர்ம், ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ் நான்கும் சப்போர்ட்டட். பவர்பிசி, மிப்ஸ், எஸ்390, லூங்ஆர்ச் போன்றவை மெயின்டெயின்ட். இதைத் தமிழில் "ஆதரவு உண்டு", "பராமரிப்பில் உள்ளது" என்று எழுதினேன். படித்துப் பார்த்த தம்பி, "பராமரிப்புல இருக்குன்னா இப்ப ஓடாதுன்னு அர்த்தமாண்ணா?" என்று கேட்டான். மேட்டூர் லைனில் பராமரிப்பு என்று மின்வாரியம் அறிவித்தால் அன்று கரண்ட் இருக்காது. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

அந்தச் சொற்கள் கெர்னலின் மெயின்டெயினர்ஸ் கோப்பிலிருந்து வந்தவை. சப்போர்ட்டட் என்றால் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் அதைப் பார்த்துக்கொள்கிறார். மெயின்டெயின்ட் என்றால் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான். இரண்டும் ஆட்களைப் பற்றியவை. உங்கள் மடிக்கணினியில், உங்கள் கிளாங் பதிப்பில், உங்கள் கான்ஃபிக்கில் பில்ட் ஆகுமா என்பதற்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை. ஆகவே எங்கள் தமிழ்க் குறிப்பில் அந்த இரண்டு சொல்லையும் மொழிபெயர்க்காமல், "சம்பளத்துக்கு ஆள் உண்டு", "ஆள் உண்டு" என்று எழுதினேன். பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது, ஆனால் படித்த யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை.

குறிப்பின் முதல் வடிவத்தையும் மூலநிரலையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை மலையேறினேன். மூலநிரல் சுருக்கிய நிலையில் 150 எம்பிக்குள்தான், ஆனால் நாகலூரில் மூடுபனி இறங்கினால் மொபைல் சிக்னல் படும் பாட்டுக்கு அதுவே அதிகம். தம்பிக்குப் பிடித்த தட்டுவடை செட் ஒரு பொட்டலம், காய்கறி தனியாக, சட்னி தனியாக. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது தட்டுவடையில் பாதி நொறுங்கியிருந்தது. கீழே சேலத்தில் பில்ட் ஓடினால் மடிக்கணினியின் விசிறி அலறும். மேலே அந்தக் குளிரில் சத்தமே இல்லை.

அவன் உட்கார்ந்து குறிப்பைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்ய, நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருந்தேன். குறிப்பைச் சோதிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எக்ஸ்86, ஆர்ம்64, ஆர்ம் மூன்றும் அப்படியே போயின. ரிஸ்க்-ஃபைவும் பில்ட் ஆனது, க்யூஎமுவில் பூட் ஆனது. அவன் மடிக்கணினியில் உபுண்டு 22.04, கிளாங் 14. கெர்னல் 6.12 கேட்கும் குறைந்தபட்ச கிளாங் 13.0.1. எல்லாம் சரி என்று அட்டவணையில் டிக் போடப் போனான்.

அப்போது எனக்கு எக்ஸ்86இல் ஏமாந்தது நினைவு வந்தது. அவன் கான்ஃபிக்கையும் என் கான்ஃபிக்கையும் கெர்னலோடு வரும் டிஃப்கான்ஃபிக் ஸ்கிரிப்டில் ஒப்பிட்டோம். ஒரே மூலநிரல், ஒரே டெஃப்கான்ஃபிக். ஆனாலும் கம்பைலர் பதிப்பு வரிகளைத் தாண்டி வேறு வித்தியாசங்கள் இருந்தன. முக்கியமானது வெக்டர் கட்டளைகளுக்கான (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடுபவை) வசதி. என் கோப்பில் இருக்கிறது. அவன் கோப்பில் "இல்லை" என்றுகூட இல்லை, பெயரே காணோம்.

2018இல் வந்த 4.18 பதிப்பிலிருந்து கான்ஃபிக் கட்டமே கம்பைலரைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்க்கிறது: இந்த ஆப்ஷன் தெரியுமா, இந்த அசெம்பிளி வரி புரிகிறதா என்று. தெரியாவிட்டால் அதைச் சார்ந்த வசதியை எடுத்துவிடுகிறது, பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. ரிஸ்க்-ஃபைவில் வெக்டர் வசதிக்கு, அசெம்பிளிக்கு நடுவே செயலி நீட்டிப்பைக் கூட்டிக் குறைக்கும் ஒரு குறிப்பு புரிய வேண்டும். அது எல்எல்விஎம் 17இல்தான் வந்தது. 14க்குத் தெரியாது. ஆக நாங்கள் இருவரும் "ரிஸ்க்-ஃபைவ் பில்ட் ஆகிறது" என்று சொன்னோம், சொன்னது இரண்டு வேறு கெர்னலைப் பற்றி.

விஷன்ஃபைவ் 2இன் செயலியில் வெக்டர் இல்லை, அதனால் எங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. நாளை வெக்டர் உள்ள பலகை ஒன்றை வாங்கி, அது ஏன் எதிர்பார்த்த வேகத்தில் ஓடவில்லை என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தால், இந்த அட்டவணையைப் பார்த்து யாரும் காரணம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் குறிப்பின் வடிவத்தையே அன்று மாலை மாற்றினோம். "சரி" என்ற கட்டம் போய்விட்டது. அதற்குப் பதில் நான்கு கட்டங்கள்: கான்ஃபிக் எடுத்தது, கம்பைல் ஆனது, லிங்க் ஆனது, பூட் ஆனது. ஒவ்வொரு வரியிலும் விஎம்லினக்ஸிலிருந்து எடுத்த கம்பைலர் பெயர், எந்த டெஃப்கான்ஃபிக், க்யூஎமுவா நிஜப் பலகையா, கன்சோல் பெயர். கடைசியாக ஒரு கட்டம்: இந்தப் பதிப்பு கம்பைலரால் காணாமல் போன வசதிகள். அந்தக் கடைசிக் கட்டம் வேறு எந்த அட்டவணையில் இல்லாவிட்டாலும் எங்கள் அட்டவணையில் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

தம்பி மடிக்கணினியில் புதிய கிளாங்கை ஏற்றும்போது இன்னொன்று கிடைத்தது. கெர்னல் தளத்திலேயே, தயாராகக் கட்டிய எல்எல்விஎம் தொகுப்புகளைத் தருகிறார்கள். இறக்கி ஓர் அடைவில் விரித்து, எல்எல்விஎம் மாறிக்கு 1க்குப் பதில் அந்த அடைவின் பாதையைக் கொடுக்கலாம். கொடுத்தான். பில்ட் ஆனது. காமென்ட் பகுதியைப் பார்த்தால் மறுபடியும் கிளாங் 14. பாதையின் கடைசியில் சாய்கோடு இல்லை, அதுதான் விஷயம். மேக்ஃபைல் மூன்று விதமாகப் பார்க்கிறது: மதிப்பு சாய்கோட்டில் முடிந்தால் பாதை, இடைக்கோட்டில் தொடங்கினால் பதிப்பு எண்ணின் பின்னொட்டு. இரண்டும் இல்லையா, 1 என்று கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டு கணினியில் இருக்கும் கிளாங்கைக் கூப்பிடும். 0 என்று கொடுத்தாலும் அப்படியே. வேண்டாம் என்றால் மாறியையே கொடுக்கக் கூடாது. குறிப்பில் இந்த வரியை மட்டும் சிவப்பில் எழுதச் சொன்னான் தம்பி, எழுதினேன்.

நான்கு பலகையோடு நிறுத்தியிருக்கலாம். பைட் வரிசை தலைகீழாக உள்ள செயலி ஒன்றாவது அட்டவணையில் இருக்கட்டும் என்று ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் எஸ்390ஐயும் சேர்த்தேன். அங்கே குறைந்தபட்சம் என்பதே வேறு: 6.12இல் எஸ்390க்குக் கிளாங் 15 வேண்டும், லூங்ஆர்ச்சுக்கு 18 வேண்டும். மின்டூல்வெர்ஷன் என்ற சிறு ஸ்கிரிப்டில் செயலிவாரியாக இது எழுதப்பட்டிருக்கிறது. 14ஐ வைத்து முயன்றால் கம்பைலர் பழையது என்று கான்ஃபிக் கட்டத்திலேயே நிறுத்திவிடுகிறது. இப்படி வாய்விட்டுச் சொல்லி நிறுத்துவதை நான் ரொம்ப மதிக்கிறேன். 15 இருந்தாலும் முழு எல்எல்விஎம் கிடையாது, சிசி வழிதான். எஸ்390க்கு எல்எல்டி லிங்கர் 18.1இலிருந்துதான் ஏற்றதாகிறது. என்னிடம் 18.1.3 இருந்ததால் லிங்க் வரை வந்தது. அதனால் அந்த வரியில் மூன்று டிக் மட்டும்.

மறு சனிக்கிழமை மாலை விஷன்ஃபைவ் 2 தோட்டத்துப் பெட்டிக்குள் போனது. சீரியல் ஒயரை மாட்டிக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதல் வரியில் கிளாங் 18 என்று வந்தது. சற்று நேரத்தில் வாளியை விரலால் தம்பி தட்ட, டிரைவர் ஒன்று என்று எண்ணியது. அந்த வரியின் நான்காவது டிக்கை அவனே போட்டான், "நிஜப் பலகை, நாகலூர்" என்று பக்கத்தில் எழுதி. எஸ்390 வரியின் நான்காவது கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. க்யூஎமுவில் பூட் செய்துபார்ப்பதை அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான்.